கீழறையில் கட்டிய ஓலைக் கூரை

பதுளையிலிருந்து ஹாலிஎலக்குப் போகும் பாதையில், மேட்டை வெட்டிக் கட்டிய வீடு அது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு தளம்தான் தெரியும். உள்ளே போய்ப் படி இறங்கினால் அதற்குக் கீழே இன்னோர் அறை இருக்கும். வீட்டுக்காரர் மரக்கறி வியாபாரி. அவர் உயிரோடு இருந்தவரை உருளைக்கிழங்கு மூட்டைகளை அந்த அறையில்தான் அடுக்கி வைத்திருந்தார். மூட்டைக்கு எதற்கு உயரம் என்று மேல்தளக் கொங்கிரீட்டைத் தாழ்வாகவே போட்டுவிட்டார். நான் ஒன்றும் உயரமானவன் இல்லை, எனக்கே உச்சிமுடி மேலே உரசியது. அவருடைய மகன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் அங்கே நிற்பார்.

"மாமா, படி எறங்கி வந்தா கடற்கரைக்கு வந்த மாதிரி இருக்கணும்" என்று அந்தத் தம்பி சொன்னார்.

அவர் மாலைதீவில் ஒரு ஹோட்டலில், குடிவகை கலந்து கொடுக்கும் மேசையில் வேலை செய்தவர். அப்பாவின் சாவுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அந்தக் கீழறையை ஒரு சின்ன பாராக மாற்றி, கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவருடைய ஆசை. போனில் படம் காட்டினார். ஓலைக் கூரை, மூங்கில் மேசை, தேங்காய்ச் சிரட்டைக்குள் லைட், சுவர் முழுக்க நீலக் கடல். அப்படிச் செய்கிற அலங்காரத்துக்கு 'ட்ரொப்பிக்கல்' என்று பெயராம். வெயில் நாட்டு அலங்காரம் என்று எனக்கு விளக்கினார். நான் மலைக் குளிருக்குச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளே, நான் பந்தல்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கிறேன். பார் கட்டியதில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். இந்த வீட்டுக்கு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் என் மூத்த மகள், உங்கள் அக்கா.

அவளும் அந்தத் தம்பியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் விருப்பம் என்று இரண்டு வீட்டுக்கும் தெரிந்துபோயிருந்தது. தம்பியின் அம்மா, "அவரோட திவசம் முடியட்டும், பேசிக்குவோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். திவசம் முடிந்தது. பேச்சு வரவில்லை. அந்த அம்மாவின் அண்ணனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று ஊரில் கேள்விப்பட்டோம். டவுனில் வீடு வைத்திருக்கிறவர்கள் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் போய்ப் பெண் எடுப்பதா என்று அவர் கேட்டாராம். பேச்சு வராத நேரத்தில் இந்த வேலை வந்தது.

உங்கள் அம்மாவுக்கு இது இரண்டு விதத்தில் பிடிக்கவில்லை.

"தவறணைக்குக் குடிக்கப் போன ஆம்பளைங்கள வீட்டுக்கு இழுத்துட்டு வர்றதே எங்க அம்மாவுக்குப் பொழப்பா இருந்துச்சு. நீங்க வீட்டுக்குள்ளயே தவறணை கட்டிக் குடுக்கப் போறீங்க" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேலையில ஒரு குத்தம் கண்டாங்கன்னா புள்ளையிலயும் குத்தம் காணுவாங்க. அத மட்டும் நெனப்புல வச்சுக்குங்க" என்றாள்.

வேலைக்குப் போட்டுப் போகிற பழைய சட்டையைக்கூட அக்கா அயர்ன் பண்ணி வைத்தாள்.

அந்த அறையில் எல்லாமே உயரத்தோடு சண்டைதான். மின்விசிறி தொங்கவிட முடியாது, தலையை வெட்டிவிடும். லைட்டைத் தொங்கவிட்டால் நெற்றியில் இடிக்கும். நான் எங்கள் தோட்டத்து ஆற்றோரத்தில் மூங்கில் வெட்டி, பிளந்து, சுவர் ஓரமாக நிறுத்தினேன். சுவரில் கீழே மணல் நிறம், மேலே நீலம். நீலத்தை அப்படியே மேல்தளத்திலும் கொஞ்சம் ஏற்றிவிட்டால் தாழ்வு தெரியாது என்று தம்பி சொன்னார், அது சரியாகவே வந்தது. நடுவில் நீளமாக, ஒடுக்கமாக மேசை செய்தோம். பலகையை இழைத்து வார்னிஷ் அடித்தேன்.

அந்த அம்மாவின் அண்ணன் அடிக்கடி படியில் வந்து நிற்பார். இறங்க மாட்டார்.

"என்ன பந்தல்காரரே, கடல் வந்துருச்சா?"

"வந்துக்கிட்டிருக்குங்க."

"பாத்து. அலை அடிச்சு வீட்டக் கொண்டு போயிறப் போகுது." பிறகு மருமகனைப் பார்த்து, "மாமான்னு யாரையோ கூப்புடுற மாதிரி கேட்டுச்சு. நான் இங்கதானடா இருக்கேன்" என்பார்.

தம்பி சிரித்துச் சமாளிப்பார். நான் குனிந்து வேலையைப் பார்ப்பேன். அங்கே குனியாமல் வேலை பார்க்கவும் முடியாது.

கூரைக்கு வேண்டிய ஓலை மட்டும் வரவில்லை. தம்பி கொழும்பில் பிளாஸ்டிக் ஓலை சொல்லி வைத்திருந்தார், தீப்பிடிக்காதாம். தம்பியின் அம்மா வெள்ளிக்கிழமை இறங்கி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். புருஷன் போன பிறகு அவர் அந்தப் படி இறங்கியதே இல்லை. பார்த்துவிட்டு மற்றதையும் பேசலாம் என்று மகனிடம் சொன்னாராம். மற்றது என்றால் அக்காவின் பேச்சு. தம்பி அதை என்னிடம் சொல்லிவிட்டு, மேசைக்கு மேலே வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"ஓலை இல்லாம மொட்டையா இருக்கும் மாமா. என்ன செய்யிறது?"

"நான் பச்சை ஓலை கட்டித் தர்றேன் தம்பி. அம்மா பாக்குற அன்னைக்கு நெசமான ஓலையாவே இருக்கட்டும். பொறகு பிளாஸ்டிக் வந்ததும் மாத்திக்குவோம்."

நானாகச் சொன்னதுதான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் மலையில் தென்னை கிடையாது. மொனராகலையிலிருந்து வருகிற லொறிக்காரரிடம் சொல்லி ஓலை இறக்கினேன். தட்டையாகக் கட்டினால் மேல்தளம் இன்னும் கீழே வந்துவிடும். அதனால் மூங்கில் பிளாச்சுகளை வில் மாதிரி வளைத்து, மேசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் நிறுத்தி, அதன் மேல் ஓலையைக் கிழித்துப் பின்னினேன். நிமிர இடமில்லாததால் பாதி வேலையை மேசையில் மல்லாந்து படுத்துக்கொண்டே செய்தேன். கை தன்பாட்டில் ஓடியது. நல்ல பச்சை வாசம். எனக்கே சந்தோஷமாக இருந்தது. வார்னிஷ் காய்ந்த பலகையில் தூசி படாமல் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை இழுத்து மூடினேன். மேசையின் தலைமாட்டில் ஒரு சிரட்டை லைட்டை மட்டும் தம்பி எரிய விட்டார். மற்ற லைட்டுகளை அம்மா வந்ததும் ஒன்றாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அந்த அறையை நான் உள்ளே இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது படியில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மா இறங்கி வந்தார். பின்னால் அண்ணன். கடைசிப் படியில் தலை இடிக்கும் என்பதால் எல்லோரும் அங்கே குனிந்துதான் வர வேண்டும். அவரும் குனிந்து வந்து நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நானும் திரும்பிப் பார்த்தேன்.

வளைந்த மூங்கில். பின்னிய பச்சை ஓலை. அதற்குக் கீழே நீளமாக வெள்ளைத் துணி. தலைமாட்டில் சிரட்டைக்குள் ஒரு வெளிச்சம். நான் கட்டியிருந்தது பாடை. எங்கள் பக்கத்தில் பச்சைத் தென்னோலை வளைவைப் பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளைகூட அதைத்தான் சொல்லும். படத்தில் இருந்த கடற்கரையை மனதில் வைத்துக்கொண்டு, கைக்குப் பழகிய வேலையைச் செய்து வைத்திருந்தேன். அந்த வீட்டு ஐயாவைக் கொண்டுபோன பாடையையும் நான்தான் கட்டினேன். அதே பின்னல்.

தம்பி ஒன்றும் புரியாமல் சுவிட்சில் கை வைத்தபடி, "போடவா அம்மா?" என்றார்.

அந்த அம்மா திரும்பி மேலே போய்விட்டார்.

அண்ணன் மட்டும் நின்றார். "கடல் கேட்டா சுடுகாட்டக் கொண்டு வந்து வச்சிருக்கீங்க" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவரும் படியேறினார்.

நானும் தம்பியும் ஓலையை அவிழ்க்க ஆரம்பித்தோம். தாழ்ந்த தளம் என்பதால் மேலே யார் நடந்தாலும் தலைக்குள் நடக்கிற மாதிரி கேட்கும். அண்ணனுடைய செருப்புச் சத்தம் இங்கும் அங்கும் போனது. நடுநடுவே பேச்சும் இறங்கியது.

"நான் அன்னைக்கே சொன்னேன்."

பிறகு தெளிவில்லை. பிறகு, "சகுனமே சொல்லிருச்சு, இதுக்கு மேல ஒனக்கு யாரு சொல்லணும்?"

அந்த அம்மாவின் குரல் கேட்கவே இல்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அக்காவின் காரியம் அதோடு முடிந்துவிடும். நான் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடியே நின்றேன். வீட்டில் அக்கா இந்நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. தம்பி என் கையிலிருந்த ஓலையை மெதுவாக வாங்கினார்.

"விடுங்க மாமா. எனக்கே தோணலையே. நானுந்தானே பக்கத்துல இருந்தேன்."

"நீங்க படத்தப் பாத்தீங்க தம்பி. நான் பாக்க வேண்டியதப் பாக்கல."

கொஞ்ச நேரத்தில் மேலே வரச் சொன்னார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு போனேன். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. அண்ணன் ஜன்னலோரம் நின்றார். நான் வாசல் பக்கமாகவே நின்றுகொண்டேன்.

"அண்ணே, அவருக்கும் நீங்கதானே கட்டினீங்க" என்றார் அந்த அம்மா.

"ஆமா தங்கச்சி."

"ஓலை மடிப்புக்கூட அதேதான். அவரு கீழதான் படுத்திருக்காருன்னு நெனச்சுட்டேன்."

"தெரியாமச் செஞ்சுட்டேன் தங்கச்சி. நல்லா இருக்கணும்னுதான் பச்சை ஓலை கொண்டாந்தேன்."

"தெரிஞ்சு யாரு செய்வா."

அண்ணன் இடையில் வந்தார். "தெரிஞ்சு செஞ்சாலும் தெரியாமச் செஞ்சாலும் கண்ணுல பட்டது பட்டதுதான். நல்ல காரியம் பேச இருந்த அன்னைக்கே இப்படி. நீ இந்தச் சம்பந்தத்த வச்சேன்னு வையி, நாளைக்குக் கல்யாணப் பந்தலும் இவருதானே கட்டுவாரு. மணவறைக்கு முன்னால உக்காந்துக்கிட்டு நீ எதப் பாப்ப?"

அவர் அதை இந்தப் பேச்சை முடிப்பதற்காகத்தான் சொன்னார். அந்த அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணன் சொல்றதும் சரிதான்" என்றார். "பந்தல் நீங்க கட்ட வேணாண்ணே."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"புள்ள மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஓலையப் பாத்துட்டு ஒரு பொண்ண நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். தை மாசம் வச்சுக்குவோம். ஆனா பந்தலு, வாசத் தோரணம், எதுலயும் ஒங்க கை படக் கூடாது. ஒங்க வேலை மோசம்னு சொல்லல. பாத்தா எனக்கு அவரு நெனப்புதான் வரும். அன்னைக்கு ஒரு நாளாச்சும் நான் அழாம நிக்கணும்."

பிள்ளைகளே, உங்கள் அக்கா பிறந்த நாளிலிருந்து நான் ஊரார் கல்யாணங்களுக்குப் பந்தல் கட்டும்போதெல்லாம், இந்த மாதிரி நம் பிள்ளைக்கு வேண்டாம், இதைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பந்தலை எப்போதோ மனதுக்குள் கட்டி முடித்துவிட்டேன். எந்தக் கால் எங்கே வரும் என்றுகூடத் தெரியும்.

"சரி தங்கச்சி" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் முதலில் தை மாசத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அக்காவுக்குத்தான் கோபம் வந்தது.

"நீங்க கட்டலன்னா எனக்குப் பந்தலே வேணாம்பா. ரெஜிஸ்தர் பண்ணிட்டு வந்துர்றோம்."

"பந்தல் இல்லாமக் கல்யாணமா? ஊர்ல என் தொழில் என்னத்துக்கு ஆகும்? ஹாலிஎலப் பந்தல்காரர் கட்டட்டும். கொஞ்சம் கோணலா இருக்கும், நீ குனிஞ்சுதானே இருக்கப் போற."

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

தம்பி பிளாஸ்டிக் ஓலையைத் தானே ஒட்டிக்கொண்டார். நான் அந்தக் கீழறைக்குப் பிறகு போகவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று கேள்வி.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே வேட்டி கட்டி என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஹாலிஎலக்காரர் பந்தல் போட்டிருந்தார். இடது பக்கக் கால் ஒன்று உள்ளே சாய்ந்திருந்தது. என் கண் அங்கேயே போய்ப் போய் நின்றது.

"மேல பாக்காதீங்க" என்றாள் உங்கள் அம்மா. "வர்றவங்களப் பாருங்க."

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. சம்பந்தியம்மா தாம்பாளத்தோடு இறங்கினார். நான் கும்பிட்டு, "வாங்க தங்கச்சி" என்றேன். அவர் பந்தலின் கீழே வந்து நின்று, ஒரு தடவை நிமிர்ந்து ஓலையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பந்தல் நல்லாருக்குண்ணே."

"ஆமா தங்கச்சி. நல்லாக் கட்டியிருக்காரு."