ரவுண்டானாவில் பத்து நிமிடம்

ஓட்டுநர் பள்ளிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் சொல்லித்தருபவரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை இருபத்திரண்டு வருடமாக மிதித்து மிதித்து, ஓட்டச் சொல்லித்தரும் ஓர் அம்மாவுக்குப் பெயரே பிரேக்கம்மா என்று ஆகிவிட்டது. அவருடைய அரசியலும் பெயருக்கு ஏற்றதுதான்.

“எதையும் மாத்தாதீங்கன்னு நான் சொல்லல. பின்னாடி என்ன வருதுன்னு கண்ணாடியில பார்த்துட்டு மாத்துங்க” என்பார். வண்டி தடம் மாறுவதற்கும் அதே பாடம், நாடு தடம் மாறுவதற்கும் அதே பாடம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை எடுத்தது, தெருக்களுக்குப் பெயர் மாற்றியது, சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு போன் என்று எதையும் விடாமல் ஒரு பிடி பிடிப்பார். கேட்பவர்கள் தப்பி ஓடவும் முடியாது. சீட் பெல்ட் போட்டிருப்பார்கள்.

அப்படி மாட்டிக்கொண்ட ஒருவர் உள்ளூர் வானொலி அறிவிப்பாளர். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றார். ஆனால் பிரேக்கம்மாவுக்குப் புதன்தோறும் காலை பத்து மணிக்கு வானொலியில் பேசப் பத்து நிமிடம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பிரேக்கம்மா மற்ற ஆறு நாளையும் வாழ்ந்தார். அதற்கும் இப்போது ஆபத்து.

“அக்கா, போன வாரம் உங்க பேச்சுக்கு ஒரே ஒரு போன். அதுவும் ராங் நம்பர். இந்த வாரமும் இப்படின்னா, உங்க நேரத்தை முடி கொட்டுறதுக்கு வைத்தியம் சொல்றவருக்குக் குடுத்துடுவாங்க” என்று எச்சரித்தார் அறிவிப்பாளர்.

பிரேக்கம்மா விடுவாரா? நகராட்சி ரவுண்டானாவை இடித்துவிட்டு சிக்னல் வைக்கப்போகிறது. அதை வெளுத்து வாங்க நான்கு பக்கம் எழுதிக்கொண்டார்.

புதன் காலை பாடம் சம்பந்தியம்மாவுக்கு. அதாவது, மகளின் மாமியாருக்கு. குரல் உயர்த்திப் பழக்கமே இல்லாதவர். அவரையே ஓட்டவிட்டு அப்படியே வானொலி நிலையத்தில் இறங்கிவிடலாம் என்பது பிரேக்கம்மாவின் திட்டம். ஒன்பது ஐம்பதுக்கு ரவுண்டானாவுக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததோடு சரி.

“சம்பந்தி, அடுத்த ரோட்டுல வெளிய திரும்பினா நல்லாயிருக்கும்.”

“திரும்பிடலாம் சம்பந்தி. இந்த பஸ் மட்டும் போயிடட்டும்.”

பஸ் போனது. ஸ்கூட்டர் போனது. தண்ணீர் லாரி போனது. ஒவ்வொருவருக்கும் சம்பந்தியம்மா புன்னகையோடு கையசைத்து வழிவிட்டார். வேறு யாராவது என்றால் பிரேக்கம்மா “திருப்பித் தொலைடா!” என்று ஒரு சத்தம் போட்டிருப்பார். சம்பந்தியை அப்படிச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது மகள் காதுக்குப் போய்விடுமே!

ஐந்தாவது சுற்றில் வானொலி நிலையத்திலிருந்து போன் அடித்தது. மணி பத்து. ஸ்பீக்கரில் போட்டார். எழுதிய தாள்கள் இருக்கைக்கு அடியில் சரிந்து கிடந்தன.

“நேயர்களே, நான் இப்ப ரவுண்டானாவுக்குள்ளதான் இருக்கேன். இங்க மேலேர்ந்து யாரும் சிவப்பு, பச்சைன்னு உத்தரவு போடல. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வழிவிட்டுப் போறோம். இந்த மரியாதையை எந்த அதிகாரியும் எழுதித் தரல. நாமளே பழகிப் பழகிச் சேர்த்து வச்சது. விளக்கு வந்தா விளக்கைத்தான் பார்ப்போம், மனுஷனைப் பார்க்க மாட்டோம்.”

“ரொம்ப நல்லா சொன்னீங்க சம்பந்தி” என்று உருகி, சம்பந்தியம்மா இன்னொரு வேனுக்கு வழிவிட்டார்.

“யாருக்கா அது?” என்றார் அறிவிப்பாளர்.

“எங்க சம்பந்தி. அவங்கதான் ஓட்டுறாங்க.”

“எத்தனாவது சுத்து?”

“எட்டு.”

“சிக்னல் இருந்திருந்தா இந்நேரம் வெளிய வந்திருப்பீங்களே?”

பிரேக்கம்மாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்புதான் கிளம்பியது. சம்பந்தியம்மாவையும் அது தொற்றிக்கொள்ள, கார் குலுங்கிக்கொண்டே ஒன்பதாவது சுற்றைத் தொடங்கியது.

“வந்திருப்போம் தம்பி. ஆனா எங்க சம்பந்தி மனசு ஊருக்குத் தெரிஞ்சிருக்காது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “சம்பந்தி, வழிவிடுறது மட்டும் மரியாதை இல்ல. நம்ம முறை வந்தா போறதும் மரியாதைதான். இது உங்க முறை. போங்க!”

சம்பந்தியம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஹாரனை அழுத்தினார். “மன்னிச்சுக்குங்க” என்று பொதுவாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சடாரென்று வெளியே திரும்பினார். அது நிலையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போகிற சாலை. யாருக்கு அதெல்லாம் கவலை? இருவரும் சந்தோஷத்தில் கத்திய கத்தலில் வானொலிப் பெட்டிகள் அதிர்ந்திருக்கும்.

மதியம் சம்பந்தி வீட்டு சோபாவில் காபி குடிக்கும்போது அறிவிப்பாளர் கூப்பிட்டார்.

“அக்கா, நாற்பத்தோரு போன்! பன்னிரண்டு பேர் உங்களைத் திட்டினாங்க, ஒன்பது பேர் நகராட்சியைத் திட்டினாங்க.”

“மிச்சம் இருபது?”

“அந்தம்மா வெளிய வந்துட்டாங்களான்னு கேட்டாங்க. உங்க நேரம் உங்களுக்குத்தான்கா. முடி வைத்தியருக்கு இடமில்லைன்னு சொல்லிட்டாங்க.”

சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “ஐயோ பாவம். அந்த வைத்தியருக்கு ஒரு வாரம் விட்டுக்குடுத்துடலாமே, சம்பந்தி?”

பிரேக்கம்மாவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்தது.