நாலு மெமோவும் ஒரு கேள்வியும்

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு ஸ்கூல் டைரியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். யு.கே.ஜி. படிக்கும் மகளின் டைரி.

"சார், ஸ்டெர்ன் ஆக்‌ஷன் எடுப்போம்னு போட்டிருக்காங்க. டி.சி. குடுத்துடுவாங்களா?"

வாங்கிப் பார்த்தேன். குழந்தை வெள்ளை சாக்ஸுக்குப் பதில் நீல சாக்ஸ் போட்டுக்கொண்டு போய்விட்டதாம். அதற்கு ஒரு ‘ஸ்ட்ரிக்ட்’, ஒரு ‘ஸ்டெர்ன்’, கடைசி வரியில் ஒரு ‘சிவியர்’! ஐந்து வயசுப் பிள்ளையின் காலுக்கு இத்தனை இங்கிலீஷா? "வெள்ளை சாக்ஸ் போட்டு அனுப்புங்கம்மா, போதும்" என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வார்த்தைகளோடு எனக்குப் பழைய பகை உண்டு.

எண்பதுகளில் குரோம்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பம்ப் செட்டுக்கு உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனி. எங்கள் மானேஜருக்கு யாரையும் நேரில் கண்டிக்கத் தைரியம் கிடையாது. ஆள் எதிரே வந்தால் டிராயரில் குனிந்து எதையோ தேடுவார். ஆனால் மெமோ என்று வந்துவிட்டால்... அப்பப்பா! மேஜை மேல் தடிமனாக ஒரு டிக்‌ஷனரி. மெமோவுக்கு மெமோ ஒரு புது வார்த்தை.

அவர் சாப்பிடப் போகும்போது நானும் அதைப் புரட்டுவேன். ‘ஸ்ட்ரிக்ட்’ என்றால் ஆதியில் இறுக்கிக் கட்டியது என்று பொருளாம். ‘ரிகர்’ என்றால் விறைப்பு. ‘ஆஸ்டியர்’ — நாக்கை உலர்த்தும் துவர்ப்பிலிருந்து கிளம்பி, ஆடம்பரம் வேண்டாத சாமியார்கள் வரைக்கும் வந்து சேர்ந்த சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குணம். நம்மவருக்கு அதெல்லாம் எதற்கு? வாயில் நுழையாத வார்த்தை என்றால் பயம் அதிகம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஒரு தடவை ‘ஆஸ்டியர் வார்னிங்’ என்றே டிக்டேட் செய்தார். நானும் வாயை மூடிக்கொண்டு அடித்துக் கொடுத்தேன்.

அது போனது டெலிபோன் ஆபரேட்டர் ஸ்டெல்லாவுக்கு. பீர்க்கன்கரணையிலிருந்து வருகிற பெண். அப்பா இல்லை, அவள் சம்பளத்தில்தான் வீடு. புரொபேஷன் முடிய ஒரு மாதம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் லேட். நாலு மெமோ. ஃபைலில் மெமோ இருந்தால் வேலை நிரந்தரம் ஆகாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஒவ்வொன்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, பாத்ரூமில் அழுதுவிட்டு வந்து, "குட் மார்னிங்" என்று போனை எடுப்பாள்.

மாதக் கடைசியில் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஸ்டெல்லாவின் ஃபைலை முழுக்கப் படித்தார். ஸ்டெல்லா கதவோரம் நின்றிருந்தாள்.

"இந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணிச்சு?"

மானேஜர் எழுந்தே விட்டார். "சார், ஒரு ஸ்டெர்ன் மெமோ, ஒரு ஸ்ட்ரின்ஜென்ட், ஒரு சிவியர், அப்புறம்..."

"அதெல்லாம் படிச்சாச்சு. பண்ணின தப்பு என்ன?"

மானேஜர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இல்லை! நாலு மெமோவிலும் கடுமை இருந்தது, கோபம் இருந்தது, எச்சரிக்கை இருந்தது. எதற்காக என்று ஒரு வரி இல்லை. மறந்தே போயிருந்தார் மனுஷன். வியர்த்துப் போய் என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். நாலையும் அடித்தவன் நான்தானே? மழைதான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைக் கோழை என்று இத்தனை நேரம் சிரித்தேனே... நான் மட்டும் யாராம்?

கடைசியில் ஸ்டெல்லாவே பேசினாள்.

"நாலு நாள் லேட்டா வந்தேன் சார். ஏரித் தண்ணி ரோட்டுக்கு வந்துடிச்சு, பஸ் இல்லை. தாம்பரம் வரைக்கும் நடந்து வந்து ரயில் புடிச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

அதிகாரி மானேஜரை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு அவளை நிரந்தரம் ஆக்கும் ஆர்டரை அங்கேயே அடிக்கச் சொன்னார். மானேஜர் டிராயருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா அந்த ஆர்டரோடு என் மேஜைக்கு வந்தாள். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பயம் போகவே இல்லை.

"அண்ணா, வேலை பர்மனென்ட்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு. எல்லாமே புரியுது... இது செல்லுமா?"