முப்பத்தேழால் வகுபட்ட எண்

கணவரின் மணிக்கட்டில் தாதி மாட்டிவிட்ட பட்டையில் ஏழு இலக்கப் பதிவெண் இருந்தது: 4517441. அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், அதை விரல்விட்டுக் கூட்டினாள். இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு. முகம் சுண்டிவிட்டது. தன் காரின் பிளேட் நம்பர் கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியவள் அவள். எட்டு சனியின் எண்ணாம். நேராகக் கவுண்டருக்குப் போய், அண்ணனுக்கு வேறு நம்பர் போட்டுத் தர முடியுமா என்று மலாயில் கேட்டாள். அங்கிருந்த பெண் சிரிக்காமல் முடியாது என்று சொன்னதே பெரிய விஷயம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பிரிக்பீல்ட்ஸில் கணக்கு டியூஷன் எடுக்கிறவள் நான். கூட்டுத்தொகை எட்டு என்றால் ஒன்பதால் வகுக்கும்போது மீதி எட்டு, இதில் சனி எங்கே வந்தார் என்று கேட்டுவிட்டேன். அதற்குள் கணவரை இருதய அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் காத்திருப்போருக்கான நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், கோப்பி வாங்கினேன், குடிக்கவில்லை. கடைசியில் கோப்பி வந்த காகிதப் பையின் மேல் அந்த எண்ணை எழுதினேன். பகா எண்ணாக இருந்தால் அவர் பிழைத்துவிடுவார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் உடையாத எண் அல்லவா? நாத்தனாரைக் கிண்டல் செய்த வாய் இன்னும் காயவில்லை. கைபேசியில் தட்டினால் உடனே தெரிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

கடைசி இலக்கம் ஒன்று, ஆகவே இரண்டும் ஐந்தும் இல்லை. மூன்றிடமிருந்து அந்த எட்டே காப்பாற்றியது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு எல்லாம் தாண்டினேன். பத்தொன்பதில் மீதி ஒன்றே ஒன்று. எண் ஒன்று குறைந்திருந்தால் அங்கேயே உடைந்திருக்கும். இந்தக் கணக்கின் கொடுமையே இதுதான்: உடையும் என்று காட்ட ஒரு வகுத்தி போதும், உடையாது என்று காட்ட 2125 வரைக்கும் உள்ள பகா எண்கள், முந்நூறுக்கும் மேல், ஒன்று விடாமல் வகுத்துப் பார்க்க வேண்டும்.

முப்பத்தொன்றும் போனது. முப்பத்தேழுக்குக் குறுக்கு வழி உண்டு: வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டினால் போதும். 4, 517, 441. மொத்தம் 962. முப்பத்தேழை இருபத்தாறால் பெருக்கினாலும் அதே 962. பேனாவை வைத்துவிட்டு அழுதேன்.

நாத்தனார் பதறிப்போய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி?"

"அண்ணன் நம்பர் முப்பத்தேழால வகுபடுது."

"மீதி எவ்ளோ?"

"மீதி இல்ல."

"அப்புறம் என்னா? மிச்சம் மீதி இல்லாம சரியா வருது. நல்லதுதானே லா."

என் கணக்குப் படிப்பு முழுவதும் சொல்லாத ஆறுதல் அது. அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மதியம் மருத்துவர் வந்து, நல்லபடியாக முடிந்தது, ஆனால் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றார்.

இப்போது அவர் வீட்டில் இருக்கிறார், கறியில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போடுகிறார். அந்தப் பட்டை என் கைப்பையில் இருக்கிறது. முப்பத்தேழால் வகுத்தால் வருவது 122093. அதைக் கூட்டினாலும் எட்டுதான், நாத்தனாரிடம் சொல்லவில்லை. அது மேலும் உடையுமா என்று நான் இன்னும் பார்க்கவில்லை. செக்கப்புக்குப் போகிற நாட்களில் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.