அக்கா புருஷனின் ராணுவ ரகசியம்

என் அக்கா புருஷனைத் தெருவில் எல்லோரும் பூட்டு என்றுதான் சொல்வார்கள். வயது ஐம்பத்திரண்டு. ராணுவத் தகவல் தொடர்பு ஆபீசில் ஏசி மெக்கானிக். அங்கே உள் அறை என்று ஒன்று உண்டு, தனி பாஸ் இருந்தால்தான் நுழையலாம். உள்ளே பார்த்ததைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது. மனுஷன் இருபது வருஷமாக உள்ளே பார்த்தது நாலு ஏசியின் பின்பக்கத்தை. அவருக்குத் தெரிந்த ஒரே ரகசியம், அங்கே பதினெட்டு டிகிரி வைக்கிறார்கள் என்பது. அதற்கே முகத்தை அப்படித் தூக்கி வைத்துக்கொள்வார்.

அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் வினை. ஏன் லேட்டு என்றால் சொல்லக்கூடாது. பால் வாங்க மறந்தால், ஆபீசில் ஒரு விஷயம், சொல்லக்கூடாது. அக்கா பெருமையாகத் தலையாட்டுவாள். மாடியில் குடியிருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், வங்கிக் கடனில் மீன் ஏற்றும் பழைய குளிர்சாதன வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். வாடகைக்கு விட்டால் கொட்டுமாம். மூன்றாவது வாரம் இன்ஜின் போயே போச்சு. தவணை கட்ட ஒரு கிரெடிட் கார்டு, அந்தக் கார்டைக் கட்ட இன்னொரு கார்டு. சம்பளத்தில் பாதி எங்கே என்று அக்கா கேட்டதற்கு, "ஆபீஸ்ல பிடிக்கிறாங்க. நாட்டு விஷயம், கேக்காத" என்று சொல்லிவிட்டார். புளுக நாடுதான் கிடைத்தது இவருக்கு.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பாஸைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் கடன் விவரம் கேட்பார்கள். அங்கே மட்டும் இவர் மகா யோக்கியர். ஒரு காசு விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். பெண்டாட்டியிடம் மறைத்ததை ஆபீசுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கிற ஆளை என்னவென்று சொல்ல?

அதை விசாரிக்க ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன்.

"வீட்டுச் செலவு, கடனெல்லாம் எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க" என்றாள் அக்கா.

"நான் அந்த ஆபீஸ்தாம்மா. எங்கிட்ட சொல்லலாம்."

"அப்படின்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே. மாசாமாசம் பாதிச் சம்பளம் பிடிக்கிறீங்க. எதுக்குன்னு இன்னிவரைக்கும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. மாமா தரையைப் பார்த்தார். அதிகாரி எழுந்து அவரை வாசலுக்கு அழைத்துப் போனார். நான் செருப்பு தேடுகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"கடன் இருக்கறது எனக்குப் பெரிசில்ல. ஒழுங்கா கட்டறீங்க. ஆனா வீட்ல தெரிஞ்சுடுமோன்னு பயப்படறீங்க பாருங்க, அதைத் தெரிஞ்சுக்கிட்ட எவனும் உங்களை ஆட்டி வைக்கலாம். உங்க பாஸைக் கேக்கலாம். பத்து நாள் தர்றேன். எல்லாக் கடனும் தனக்குத் தெரியும்னு உங்க வீட்டம்மா கையெழுத்து வேணும். இல்லேன்னா பாஸ் கிடையாது."

பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

ஒன்பது நாள் ஓட்டினார். ஒன்பதாம் நாள் மாடிக்கு வந்து, "நீயே பக்குவமா சொல்லிடேன்" என்றார்.

"வண்டி வாங்கும்போது என்னைக் கேட்டீங்களா மாமா? நடங்க கீழே" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார். வண்டி, வங்கி, இரண்டு கார்டு, எல்லாம். நான் கதவருகிலேயே நின்றேன். அக்கா இன்றைக்கு இவரைக் கிழி கிழியென்று கிழிப்பாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன், பொய் சொல்வானேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துக்காக அவர் நீட்டிய கடன் பட்டியலை வாங்கினாள். தள்ளிப் பிடித்தாள். கிட்டே கொண்டுவந்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஒண்ணும் தெரியல. நீங்களே படிங்க."

"கண்ணாடி போட்டுக்கோயேன்."

"போட்டாலும் இதேதான். மாத்தணும்னு டாக்டர் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. நாட்டுக்குப் பிடிக்கிறாங்களே, இதுல நம்ம செலவு வேற எதுக்குன்னு விட்டுட்டேன்."

இவ்வளவு நாள் பக்கத்திலேயே இருந்துகொண்டு நானும் கவனிக்கவில்லை.

மாமா படித்தார். ஒவ்வொரு வரியாக, தொகையோடு. இரண்டாவது கார்டு வந்ததும் காகிதத்தை மடிக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை, "ம், அப்புறம்" என்று கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள்.

"எங்க போடணும்?"

அவர் அவள் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தார்.