பதினேழாவது வரியில் ஒரு டிக்

1. புதன்கிழமை மதியம், சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது.

2. ஏறக்குறைய அதே நேரத்தில், அங்கிருந்து ஒரு நாள் ரயில் தூரத்தில், நான் வேலை செய்யும் துகள் முடுக்கியும் அன்று மூன்றாவது முறையாக நின்றது. அங்கேயும் தண்ணீர்ப் பிரச்சினைதான்.

3. எனக்குப் போன் வந்தது. லாரிச் சத்தத்தில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

4. பஸ்ஸைவிட்டு இறங்கித் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. கேட்டார்கள்.

5. கால் மணி நேரத்தில், இது ஓர் ஆளின் கவனக்குறைவு என்றும், அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்றும் முடிவு செய்தார்கள்.

6. அந்த ஆள் நான்.

7. அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வேலை போக இருந்ததோ வேறொருவருக்கு.

என் வேலையை விளக்குவது சுலபம், ஆனால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. புரோட்டான்களை மிக வேகமாக ஓடவைத்து ஓர் உலோகத் தகட்டின் மேல் மோதவிடுகிறார்கள். பாயும் புரோட்டான்களைப் பீம் என்றும் மோதும் தகட்டை டார்கெட் என்றும் சொல்வோம். மோதினால் தகடு சூடாகும். உருகாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் என் பொறுப்பு. பம்ப், குழாய், வால்வு, வடிகட்டி. இதை அம்மாவுக்கு இரண்டு முறை படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அவள் எங்கள் ஊரான கிளியூர் முழுக்க, மகள் தண்ணீர் போர்டில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு விடுமுறையிலும் குடிநீர் இணைப்புக்கு இரண்டு மனுக்களாவது என் கைக்கு வரும்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக அந்த முறை ஊருக்குப் போனேன். புறப்படுவதற்கு முந்தைய நாள் பராமரிப்பு வேலை இருந்தது. இருபத்திரண்டு வரிகள் கொண்ட பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு டிக், கடைசியில் இரண்டு கையெழுத்து: செய்தவர், சரிபார்த்தவர். செய்தவர் எங்கள் டெக்னீஷியன். ஐம்பது வயதை நெருங்குகிறவர், பதினொரு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறார், ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள். சரிபார்த்தவர் நான்.

பதினேழாவது வரி, குழாயின் மிக உயரமான இடத்தில் இருக்கும் சிறு வால்வைத் திறந்து உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவது. அதற்கு ஏணி வேண்டும். ஏணியைப் பெயிண்ட் அடிப்பவர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். டெக்னீஷியனுடைய மகளுக்கு அன்று மாலை பாட்டு வகுப்பில் ஏதோ விழா. "நீங்க கிளம்புங்க, ஏணி வந்ததும் நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்பதால் டிக்கையும் போட்டுவிட்டேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஏணி வந்தது. நான் அப்போது பெட்டி அடுக்கப் போயிருந்தேன். ரயிலில் பாதித் தூரம் வந்த பிறகு ஞாபகம் வந்தது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோராவது வளைவில் போன் செய்தது அந்த டெக்னீஷியன்தான்.

"மேடம், லீவுல தொந்தரவு பண்றேன். தண்ணி ஃப்ளோ ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது. ஏறுது, இறங்குது. காலையிலேருந்து மூணு தடவை பீம் கட் ஆயிடுச்சு."

"பம்ப் சத்தம் எப்படி இருக்கு?"

"ஜல்லிய அரைக்கிற மாதிரி இருக்கு மேடம்."

என் பக்கத்தில் வாழவந்தியைச் சேர்ந்த ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். சேலத்தில் பழுது பார்த்த போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டரைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். கேட்டவுடனே சொன்னார்: "காத்து புடிச்சிருச்சுங்க."

"காத்து இல்லீங்க" என்றார் கண்டக்டர். ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் தேடி, காலிக் கேனோடு நின்றுகொண்டிருந்தார். "குழாயடி ஃபுட்வால்வுல தவளை பூந்திருக்கும்."

"மேடம், யாரு அது?" என்றது போன்.

"பஸ்ல வர்றவங்க."

"தவளைக்கு வாய்ப்பில்லீங்க சார்" என்றார் டெக்னீஷியன், மிகவும் மரியாதையாக. "இது உப்பெல்லாம் நீக்குன சுத்தத் தண்ணி."

"சுத்தத் தண்ணியிலதானுங்க தவளையே வரும்" என்றார் கண்டக்டர்.

எனக்குக் காரணம் தெரியும். மூன்றே சொற்களில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "எதுக்கும் மேல இருக்கற வால்வத் திறந்து பாருங்க" என்றேன்.

"அதுதான் பட்டியல்ல டிக் ஆகியிருக்கே மேடம்."

"எதுக்கும் பாருங்க."

'எதுக்கும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் நன்றாக ஒளிந்துகொள்ளலாம். அவர் சரி என்றார். ஆனால் உடனே உள்ளே போக முடியாது. டார்கெட்டைத் தொட்டு வரும் தண்ணீரில் கொஞ்ச நேரம் கதிர்வீச்சு இருக்கும். அது அடங்கும்வரை கதவு திறக்காது. போனை வைத்ததும் இதைக் கண்டக்டரிடம் விளக்க வேண்டியதாயிற்று.

"அங்கயும் சூடு ஆறுனாத்தான் மூடியத் தொறக்கணுமா?" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க."

"அண்ணா, கேட்டுக்கோ" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். டிரைவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாமா வேண்டாமா என்று நின்றிருந்தார். "அணு ஆராய்ச்சியிலயே பொறுத்துத்தான் தொறக்கறாங்களாம். நீ மட்டும் எதுக்குப் பறக்கற?"

காத்திருந்த நேரத்தில்தான் விசாரணை நடந்தது. அதைத் தொடங்கியவர் மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்த ஓர் எஸ்டேட் ரைட்டர். தினமும் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவதும், தப்பு செய்தால் மெமோ எழுதுவதும் அவர் வேலை.

"ஏனுங்க, அந்தக் காத்து எடுக்கற வேலை முடிஞ்சுதுன்னு யாரோ எழுதியிருக்காங்கல்ல?"

"எழுதியிருக்காங்க."

"எடுக்கலீல்ல?"

"இன்னும் பாக்கலீங்க."

"பாக்க என்னுங்க இருக்குது? எங்க எஸ்டேட்ல காப்பிச் செடிக்கு மருந்தடிச்சாச்சுன்னு எழுதிட்டு மரத்தடியில தூங்குவானுங்க. அதே கேசு."

"அவனெல்லாம் சோறுதான் திங்கறானா?" என்றார் ஸ்டார்ட்டர் அக்கா. "காத்து எடுக்காம மோட்டாரப் போட்டா என்னாகும்? எனக்குப் போன வருசம் காயில் போச்சு. நொம்ப நஷ்டம். எங்க ஊட்டுக்காரர் இப்படித்தான், எடுத்துட்டேன் எடுத்துட்டேன்னாரு. மூணு நாளு நான் அவருகூடப் பேசல."

"மூணு நாளு பேசலீனா மெமோவே தேவையில்லீங்க" என்றார் கண்டக்டர்.

நான் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டை அதுவரை யாரும் தந்ததில்லை.

அடுத்த போன் எங்கள் பிரிவுத் தலைவரிடமிருந்து வந்தது. அதையும் பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"நாலு நிமிஷம் காத்து வந்திருக்கு. இப்ப எல்லாம் சரி, பீம் ஓடுது. நல்ல யோசனை சொன்னீங்க."

அவரே தொடர்ந்தார்.

"நம்ம டெக்னீஷியன் காத்தே எடுக்காம டிக் போட்டிருக்கார். கேட்டா ஏணி இல்லைங்கறார், அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். அவரோட ஒப்பந்தப் புதுப்பிப்பு என் மேஜையிலதான் இருக்கு. மூணு மணிக்குள்ள அனுப்பணும். வேண்டாம்னு எழுதப் போறேன். நீங்க சரிபார்த்தவங்க. ஆட்சேபணை இல்லைன்னா ஒண்ணும் பண்ண வேண்டாம், இருந்தா போன் பண்ணுங்க."

வைத்துவிட்டார். அப்போது மணி ஒன்றே முக்கால்.

டெக்னீஷியன் என் பெயரை எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதையும் சொல்லவில்லை, அதை நம்பித் தான் கிளம்பிப் போனதையும் சொல்லவில்லை. ஏணியோடு நிறுத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா!" என்றார் ரைட்டர். தன் கணிப்பு சரியானதில் அவருக்கு உண்மையான சந்தோஷம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். "உங்க ஆபீசுல இதுக்கெல்லாம் ஆள் இருப்பாங்க. இருந்தாலும் ஒரு மாதிரி எழுதித் தர்றேன், வெச்சுக்குங்க. 'தாங்கள் தங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்யாமலே செய்ததாகப் பதிவேட்டில் குறித்துள்ளது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது.' இது போதுமுங்களா, இன்னும் காட்டமா வேணுங்களா?"

"போதுங்க."

"'இதனால் இயந்திரம் மூன்று முறை நின்று...' மூணுதானுங்களே? 'நிர்வாகத்துக்கு இடையூறு ஏற்பட்டுள்ளது. தங்கள் விளக்கத்தை உடனே அளிக்கவும்.' மேல பேரு எழுதோணும். ஆளு பேரச் சொல்லுங்க."

நான் என் பெயரைச் சொன்னேன்.

எழுதினார். முழுவதும் எழுதி, இனிஷியலும் கேட்டார். சொன்னேன். "பொம்பளைங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கிங்க இருக்காங்க இப்போ?"

"இங்கதாங்க."

முதலில் புரிந்துகொண்டவர் ஸ்டார்ட்டர் அக்கா. மடியிலிருந்த பெட்டியைச் சற்றே நகர்த்திக்கொண்டார். ரைட்டர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதியதை அடிப்பதா வேண்டாமா என்று பேனா காற்றிலேயே நின்றது.

"அப்ப அந்த ஏணி ஆளு?" என்றார் அக்கா.

"அவர நான்தான் ஊட்டுக்குப் போகச் சொன்னேன். நான் பாத்துக்கறேன்னேன்."

"அட சாமி" என்றார் அவர். அது திட்டா, பரிதாபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "மூணு மணின்னுதானே சொன்னாரு அவரு? போனப் போடு கண்ணு, போடு."

போட்டேன். லைன் பிசி. மறுபடி போட்டேன், பிசி. அதற்குள் டிரைவர் ரேடியேட்டரை நிரப்பிவிட்டு ஹாரன் அடித்தார். பின்னால் எட்டு வண்டிகள் நின்றிருந்தன. ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையில் குற்றவாளிக்கான கடுமை எதுவும் இல்லை. "டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் ஏறுங்க" என்றார்.

பன்னிரண்டாவது வளைவில் டவர் போய்விட்டது.

அதன் பிறகு அந்த பஸ்ஸில் நடந்ததை எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை. விசாரணை நடத்திய அதே ஆட்கள், அதே வேகத்தில், ஜன்னல்களுக்கு வெளியே போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "எனக்கு டவர் ஒரு கட்டை!" "எனக்கு ரெண்டு, இல்ல, போச்சு!" பதினைந்தாவது வளைவில் பின் சீட்டுக்காரர் ஒருவருக்கு டவர் முழுதாகக் கிடைத்தது. அவர் போன் கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது. பிரிவுத் தலைவரின் எண்ணை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத எண்ணை அவர் எடுப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. "பெரிய ஆளுங்க எடுக்க மாட்டாங்க" என்று போனுக்குச் சொந்தக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார். டிரைவரைச் சீக்கிரம் போகச் சொன்னார்கள். அவர் ரேடியேட்டரைக் காட்டினார். எல்லோரும் ரேடியேட்டரைத் திட்டினார்கள்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி இரண்டு ஐம்பத்தொன்று. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். கண்டக்டர் டைம் கீப்பரிடம் போக வேண்டியவர், போகவில்லை. மூன்றாவது முறை போட்டபோது பிரிவுத் தலைவர் எடுத்தார்.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஐந்து குறிப்புகளாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நாக்கில் வரவில்லை. ரைட்டர் தன் நோட்டை என் முன்னால் நீட்டினார். நான் அதைப் பார்த்து வாசித்தேன்: ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்யாமலே செய்ததாகப் பதிவேட்டில் குறித்துள்ளது, மூன்று முறை நின்று, நிர்வாகத்துக்கு இடையூறு. 'தாங்கள்' வந்த இடத்திலெல்லாம் 'நான்' போட்டுக்கொண்டேன்.

பிரிவுத் தலைவர் முதலில் கேட்டது வேறு.

"இது யாரு எழுதினது?"

"ஒரு எஸ்டேட் ரைட்டர், சார்."

"எங்கேருந்து பேசறீங்க?"

"பஸ் ஸ்டாண்ட், சார். பதினேழாவது வரி டிக் என்னுது. அவரைப் போகச் சொன்னது நான். ஏணி வந்தும் நான் ஏறலை."

"அப்பவே ஏன் சொல்லலை? ஒண்ணே முக்காலுக்குப் பேசினேனே?"

இதற்கு மெமோவில் வாசகம் இல்லை. "பயந்துட்டேன், சார்" என்றேன்.

"அந்த ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுருங்க சார்!" என்று ஸ்டார்ட்டர் அக்கா என் தோளுக்கு மேலாகக் கத்தினார். "இந்தப் புள்ளைக்கு என்ன பண்றீங்களோ பண்ணிக்குங்க!"

போன் வைக்கப்பட்டது. என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியாது என்றேன். அவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ரைட்டர் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார், ஆபீஸ் காப்பி வேண்டும் என்று போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். அக்கா வாழவந்தி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஏறிய பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, எனக்குத் தண்ணீர் போர்டில்தான் வேலையா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

இப்போதைய நிலை இது. டெக்னீஷியனின் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. ரைட்டருடையது அதைவிட நன்றாக இருந்தது. ஆறு மாதத்துக்கு எந்தப் பட்டியலிலும் சரிபார்த்தவராக நான் கையெழுத்துப் போட முடியாது. அதில் நான்கு மாதம் முடிந்திருக்கிறது. டெக்னீஷியன் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒன்றும் பேசியதில்லை. இப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் மட்டும் அவர் கிளம்புவதில்லை. வேலை முடியும்வரை பக்கத்தில் நிற்கிறார்.