மார்கழியில் ஏறிய எடை

மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறிய பிறகு வந்த மூன்றாவது மார்கழி அது. தமிழ் ஆண்டின் பெயர் ராட்சச. மாதம் பிறந்தது செவ்வாய்க்கிழமை. அன்று காலை என் மனைவியின் எடை நாற்பத்தெட்டரை கிலோ. நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிக்கொண்டு வந்தன. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத காலம். உப்பையும் தண்ணீரையும் அடக்கி வைத்தால் சில வருடங்கள் ஓட்டலாம், விட்டுவிட்டால் நீர் நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நர்ஸ் இந்த நோயாளிகளை உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துப் பெண். தினமும் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும். குடித்த தண்ணீரையும் கழித்த நீரையும் அளக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்தி, விழுந்த குழி எத்தனை எண்ணும் வரை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். மழை பெய்த நாளையும் புத்தகம் படித்து முடித்த நாளையும் கூடத் தேதி போட்டு எழுதி வைக்கிறவன் நான். நோட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

அப்போது நான் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்டேஷன் இரண்டு நிமிட நடை. அந்த மாதம் முழுக்க விடியுமுன் கோவிலுக்குப் போய் அவளுக்காக வேண்டிக்கொண்டு திரும்புவேன். ஆறு மணிக்கு அவளை அழைத்துப் போய், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் நிற்க வைப்பேன். பனி பிளாட்பாரத்தின் ஓரம் வரை வந்து நிற்கும், தண்டவாளம் தெரியாது.

"எந்த ஊருக்கு லேபிள் ஒட்டப் போறீங்க?" என்றாள் ஒரு நாள்.

"பேசாம நில்லு. தண்டு ஆடுது."

"உங்க ஆபீஸ்ல பேசற பார்சல் இது ஒண்ணுதான். ஜாக்கிரதையா இறக்குங்க."

மார்கழி எட்டு: நாற்பத்தொன்பதரை. பதினைந்து: ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு: ஐம்பத்திரண்டரை. வீட்டில் உப்பு கிடையாது. ஜாடியைப் பரண்மேல் ஏற்றி மாதங்கள் ஆகியிருந்தன. குடிக்கும் தண்ணீர் நான் அளந்து கொடுப்பதுதான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் அவள் கொஞ்சம் கூடியிருந்தாள். எங்கிருந்தோ ஏதோ ஒன்று அவளுக்குள் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தராசைச் சந்தேகித்தேன். முத்திரை போட்ட இருபது கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், குண்டுமணி பிசகவில்லை. அப்புறம், எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவளைச் சந்தேகித்தேன். இரவு படுக்குமுன் தண்ணீர்ப் பானையின் உட்பக்கம், நீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். விடிந்து பார்த்தால் நீர் கோட்டிலேயே நின்றது. பரணில் ஜாடியின் மேல் படிந்த தூசியில் விரல் தடம் இல்லை.

குழி முதல் வாரம் பத்து எண்ணுவதற்குள் மேலே வந்துவிட்டது. இப்போது நாற்பது எண்ணியும் என் கட்டைவிரலின் உருவம் அவள் காலில் அப்படியே இருந்தது. முகம் வீங்கி, கண்கள் இடுங்கி, விடிகாலை வெளிச்சத்தில் வேறு யாரோ அவள் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். படுக்க முடியவில்லை. "சாஞ்சா யாரோ மார் மேல ஏறி உக்கார்ற மாதிரி இருக்குங்க" என்றாள். நாற்காலியிலேயே தூங்கினாள். மூச்சு விடும்போது, பக்கத்து அறையில் உலை கொதிப்பது போல ஒரு சத்தம். அங்கே அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தும் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன்.

குளிரில் அவளை அலைக்கழிக்க வேண்டாம் என்று மூன்று வெள்ளிக்கிழமையும் நான் மட்டும் நோட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வைத்தியர் மாத்திரையைக் கூட்டினார். நர்ஸ், "அடுத்த வாரம் அக்காவைக் கூட்டியாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாலாவது வெள்ளி, மார்கழி இருபத்தைந்து, ஜட்காவில் அழைத்துப் போனேன்.

நர்ஸ் நோட்டைப் புரட்டினார். "ஏனுங்ண்ணா, இதை ஆரு எழுதறது?"

"நான்தான்."

"சீக்கு ஆருக்குங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நர்ஸ் தன் ஸ்டூலை என் மனைவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அக்கா, காத்தால எந்திரிச்சதும் மொதமொத வாயில என்ன போகுது?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றேன். "வெறும் வயிறு. எழுதியிருக்கு பாருங்க."

"உங்களைக் கேக்கலைங்க. சித்த சும்மா இருங்க."

என் மனைவி என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"பொங்கல்" என்றாள். "ஒரு தொன்னை. அப்புறம் தீர்த்தம், ஒரு டம்ளர். கோவில்லேர்ந்து இவர் கொண்டு வருவார்."

"உப்புப் பொங்கலுங்களா?"

"கோவில் பொங்கல்ல உப்பு இல்லாம இருக்குமா, சிஸ்டர்?"

எங்கள் வீட்டில் பிரசாதம் சாப்பாட்டில் சேராது. ஏகாதசிப் பட்டினியிலும் வாங்கி வாயில் போட்டுக்கொள்வோம்; பட்டினி கெட்டதாக யாரும் நினைத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் இருபத்தைந்து காலையும் என் கையாலேயே அவளுக்கு ஊட்டிவிட்டு, அதே கையால் 'வெறும் வயிறு' என்று இருபத்தைந்து முறை எழுதியிருந்தேன். வராந்தாவில் என் கை முழங்காலின் மேல் கிடந்தது. அதை நகர்த்தக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

நர்ஸ் நோட்டை அவள் மடியில் வைத்தார். "இனி நீங்கதான் எழுதோணும். நாக்குல பட்டதெல்லாம் எழுதுங்க. சாமி குடுத்தாலும் எழுதுங்க."

ஜட்காவில் கேட்டேன்: "ஏன் சொல்லலை?"

"எனக்காக வேண்டிக்கிட்டு பனியில நடந்து கொண்டு வர்றீங்க. அதுல போயி உப்புன்னு எப்படிங்க சொல்றது?" கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாள் முழுக்க நாக்குக்கு ருசின்னு அது ஒண்ணுதான் இருந்தது."

மறுநாள் பிரசாதத்தைக் கொண்டு வந்துவிட்டு நீட்டத் தயங்கி நின்றேன். அவளே தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரே ஒரு பருக்கையை நாக்கில் வைத்தாள். "சாக்கு, போதும். மீதி பேடா, எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க." தீர்த்தம் மூன்று சொட்டு. இரண்டையும் கன்னடத்தில் எழுதினாள். அவள் பள்ளியில் படித்தது அதுதான். மூன்று சொட்டை அன்றைய தண்ணீரில் கழித்துக்கொண்டாள். எடையைத் தவிர வேறு எதையும் என்னிடம் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து, மார்கழி கடைசி. கோவிலிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் கொதிக்கும் சத்தம் நின்றிருந்தது. கட்டிலில் அவள் மல்லாந்து, தலையணைகூட இல்லாமல், கைகளை இரு பக்கமும் நீட்டிப் படுத்திருந்தாள். முகம் வீக்கம் வடிந்து, நோய்க்கு முன்னால் இருந்த முகமாக இருந்தது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. போர்வை அசைகிறதா என்று நிலைப்படியிலிருந்தே பார்த்தேன். பக்கத்தில் போகக் கால் வரவில்லை.

"மூச்சு இருக்குங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "படுத்துப் பார்த்தேன், வந்தது. அப்படியே தூங்கிட்டேன். கையைக் குடுங்க, தராசுக்கு நேரமாச்சு."