கார் ஓடாத அமாவாசை

என் மாமனார் சென்னப்பன் செத்து மூன்று வருஷமாகிறது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் சொல்ல விடவில்லை, இப்போதும் கூடாது என்றால் பிறகு எப்போதுதான் சொல்வது? நாலாம் வகுப்புவரை படித்த கை இது. எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஒன்றும் ஜமீன் இல்லை. இண்டூரில் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற காடு, இரண்டு கிணறு, ஒரு ஜோடி எருது, அவ்வளவுதான். மாமனாருக்கு அறுபது நெருங்கும்போது முழங்காலில் வாதம் கண்டது. "கட்ட வண்டியில ஏறினா எலும்பெல்லாம் பொடியாவுது" என்று புலம்பிக்கொண்டிருந்தார். முப்பத்தேழாம் வருஷம், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் சீமைக்குக் கிளம்பினான். அவன் விட்டுப்போன காரை, எங்கள் மேட்டுக்காட்டை விற்று வாங்கி வந்தார். வீட்டில் ஒருவரையும் கேட்கவில்லை. என் புருஷன் அர்ச்சுனனே கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்துகொண்டார்.

கறுப்புக் கார். ஒரு அறை அளவு இருக்கும். நாலு கதவு, நாலிலும் ஏற்றி இறக்கும் கண்ணாடி. உள்ளே முன்னால் ஒரு மெத்தை, பின்னால் ஒரு மெத்தை, இரண்டும் பழுப்புத் தோல். அந்த மெத்தையைப் பற்றி எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

காரோடு வந்த டிரைவர் பத்து நாள் தங்கிக் கற்றுக்கொடுத்தான். பிறகு மாமனாரே ஓட்டினார். ஓட்டினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எருமை குளத்துக்குப் போகிற வேகம்தான். பென்னாகரத்து பஸ் பின்னால் வந்து ஆரன் அடித்து அடித்துக் களைத்துப்போகும். இவர் நடு ரோட்டைவிட்டு ஒதுங்க மாட்டார். "அவசரக்காரன் பறந்து போவட்டும்" என்பார்.

ஊரில் அவர் வயசுக்காரர்கள் நாலு பேர் காலையிலேயே வந்து ஏறிக்கொள்வார்கள். கார் எங்கேயும் போக வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே சாய்ந்து வெற்றிலை மெல்லுவார்கள். துப்புவதற்கு மட்டும் கதவு திறக்கும். இடுப்பு வலியும் மூட்டு வலியும் வந்த கிழவர்களுக்கு அது தாய்மடி. இளவட்டங்கள் ஒருத்தனும் அந்தக் காருக்கு ஆசைப்படவில்லை, அவர்கள் சைக்கிளுக்கு ஆசைப்பட்டார்கள். அந்த நாலு பேரில் பெரியண்ணன் என்பவர் ஒருமுறை என்னிடமே சொன்னார்.

"கண்ணாடிய ஏத்திட்டு உள்ள உக்காந்தா ஊரே அடங்கிப் போவுது கண்ணம்மா. மாடு கத்தறதும் கேக்கல, மருமவ கத்தறதும் கேக்கல."

பெண்கள் அதில் ஏறக் கூடாது. தலை எண்ணெய் மெத்தையில் ஒட்டுமாம். கிழவர்கள் தலையில் என்ன பன்னீரா தடவியிருந்தார்கள்? எங்களுக்கு விட்டது வெளிப்பக்கத்தைத் துடைக்கிற வேலை.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மாமனாருக்குக் கார் என்பது இன்னொரு எருது. மாட்டுப் பொங்கலன்று எருதுக்குக் கொம்பில் வர்ணம் பூசினால், காருக்கு முன் விளக்கைச் சுற்றி மஞ்சள் பூசி மணி கட்டுவார். எருதுக்குப் பொங்கல் ஊட்டினால் கார் மூக்கிலும் ஒரு உருண்டை வைப்பார். எங்கள் பக்கம் அமாவாசையன்று மாட்டை ஏரிலும் பூட்டுவதில்லை, வண்டியிலும் பூட்டுவதில்லை. அது வாயில்லா ஜீவனுக்கு ஓய்வு நாள். காருக்கும் அதே சட்டம் போட்டார். அமாவாசையன்று காரைக் கழுவி, விபூதி பூசி, கொட்டகையில் நிறுத்திவிடுவார். ஊரும் அது சரிதான் என்று தலையாட்டியது. இரும்புக்கு என்ன அமாவாசை என்று கேட்க ஒரு வாய் இல்லை. நானும் கேட்கவில்லை. அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

முப்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம். எனக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவள் காசியம்மாளுக்கு அப்போது மூன்று வயசு. முதல் நாள் மத்தியானம் பிடித்த வலி விடியும்வரை விடவில்லை. குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி முனியாயி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"என் கையில இல்ல சாமி. தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. சீக்கிரம் போங்க."

அன்றைக்கு அமாவாசை.

மாமனார் காரைத் துடைப்பதற்காக விடியற்காலையிலேயே கொட்டகைக்குப் போனவர், துடைத்து முடித்து உள்ளே உட்கார்ந்திருந்தார். என் புருஷன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து கேட்டார். கொட்டகை நான் கிடந்த அறைக்கு அடுத்த சுவர்தான், அப்பன் மகன் பேச்சு முழுக்க எனக்குக் கேட்டது.

"அப்பா, கார எடுங்க. கண்ணம்மா உசுரு போவுது."

"இன்னிக்கு என்ன நாளுடா?"

"நாள் பாக்கற நேரமாப்பா இது?"

"மொறன்னு ஒண்ணு இருக்குது. ஒரு தடவ மீறினா அப்பறம் வண்டி வூட்டுல நிக்காது. மாட்டப் பூட்டிக்கிட்டுப் போ. அந்தப் பாவம் என் தலையில வுழுவட்டும்."

உயிருள்ள எருதைப் பூட்டலாமாம், பெட்ரோல் குடிக்கிற இரும்பைப் பூட்டக் கூடாதாம். வாய்தான் அமாவாசையைச் சொன்னது, கண் மெத்தைமேல் இருந்தது. ரத்தம் பட்டால் போகாதே! அவர் பெற்ற பிள்ளைக்கு அதைப் புரிந்துகொள்கிற புத்தியும் இல்லை, சாவியைப் பிடுங்குகிற தைரியமும் இல்லை. அப்பன் சொன்னார் என்று போய் எருதை அவிழ்த்தார். அந்தக் கோபமும் எனக்கு இன்னும் தீரவில்லை.

வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே இரண்டு கம்பளி போட்டு என்னைக் கிடத்தினார்கள். தருமபுரி ஒன்பது மைல். ரோட்டில் கப்பிக் கல் கொட்டியிருந்தார்கள். சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும்போது நான் கத்தினேன். முனியாயி என் வாயில் துணியைத் திணித்தாள். பாதி வழியில் அந்தத் துணியும் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைக் காப்பாற்றினார்கள். பையன் வெளியே வரும்போதே நீலமாக இருந்தான். நர்சம்மா ஒருத்தி என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு மணி நேரம் முன்னால கொண்டாந்திருந்தா அழுதிருப்பான்மா" என்றாள். அவள் நல்ல மனசில்தான் சொன்னாள். பத்து வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் மென்றுகொண்டிருக்கிறேன்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது எருதுகள் கழுத்தில் மாலை காய்ந்து தொங்கியது. அமாவாசையில் பூட்டிய தோஷம் போக, மாமனார் அவற்றுக்கு மஞ்சள் நீராட்டி, தேங்காய் உடைத்து, விழுந்து கும்பிட்டிருக்கிறார். மாட்டிடம் மன்னிப்புக் கேட்ட மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு ஜெர்மன் சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்தார்கள். பஸ்களெல்லாம் பெட்ரோலுக்குப் பதிலாக முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை விட்டுக்கொண்டு ஓடின. அதுபோல மாட்டலாம் என்று என் புருஷன் சொன்னதற்கு, கரி பட்டால் மெத்தை கெடும் என்றுவிட்டார். கார் கொட்டகையிலேயே நின்றது. டயர் இற்றுப்போகாமல் இருக்க நாலு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்தார். அவர் மட்டும் காலையில் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், பொழுது சாய்ந்தால் இறங்குவார். கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். களியும் குழம்பும் நான்தான் கொட்டகைக்கு எடுத்துப் போவேன். மெத்தையில் சிந்தாமலிருக்கக் காலை வெளியே போட்டுத் தின்பார். மாதாமாதம் அமாவாசையும் வந்தது. அன்றைக்கும் ஏறித்தான் உட்கார்ந்தார். உட்காருவதற்கு மட்டும் தோஷமில்லையாம்.

நாற்பத்தாறாம் வருஷம், சித்திரை வெயில். வீட்டில் ஆண்கள் யாருமில்லை. களி எடுத்துப் போனேன். தின்று முடித்தார், கையலம்பினார், காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். சாத்திய வேகத்தில் கைத்தடி நழுவிப் பின்பக்கம் விழுந்துவிட்டது. தடி இல்லாமல் அவரால் இறங்க முடியாது.

"பின்னாடி ஏறி எடுத்துக் குடு ஆத்தா" என்றார்.

வந்து ஒன்பது வருஷமான காரில் நான் முதல் முறையாக ஏறினேன். கதவு தானாகவே சாத்திக்கொண்டது. நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. குனிந்து தடியை எடுத்து, நிமிர்வதற்குக் கையை ஊன்றியபோது மெத்தை அமுங்கி என் கையை வாங்கிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு சுகத்தை என் உடம்பு அதற்கு முன்னால் கண்டதில்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கிழவர்கள் ஏன் அங்கேயே கிடந்தார்கள் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. காலைத் தூக்கி மேலே வைத்துப் படுத்துப் பார்த்தேன். தலை ஒரு கதவருகே இருந்தது, கால் மறு கதவைத் தொடவில்லை. முழங்காலை மடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"தடி கெடச்சுதா?" என்றார்.

"கெடச்சுது மாமா. இங்க பாருங்க, நான் முழுசா படுத்துக்கறன் இதுல."

கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இறங்கு என்று சொல்லவில்லை. "அன்னிக்கு அமாவாச ஆத்தா" என்றார்.

"மாட்டப் பூட்டச் சொன்னீங்களே மாமா."

முன்பக்கம் திரும்பி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு வெளியே காசியம்மாள் வந்து நின்று வாயைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பெரியண்ணன் சொன்னது பொய்யில்லை. அந்த அமாவாசை விடியற்காலையில் அடுத்த சுவரில் நான் கத்திக்கொண்டிருந்தபோது, துடைத்து முடித்த காருக்குள் இந்த மனுஷன் எதற்கு உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தடியக் குடு ஆத்தா, எறங்கணும்" என்றார்.

தடியை மார்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பொழுது சாயும்வரை கொடுக்கவில்லை.